முட்டை படாத பாண்

1912 ஜூலை 3, புதன்

காலையில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நான் சுட்ட பாண் ரொட்டியைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மினுக்கமே இல்லை, செத்துப்போன பாண் என்றார். சரிதான். போன வாரம் வரை முட்டை மஞ்சளைக் கோழி இறகால் தடவித்தான் சுட்டேன். திங்களன்று கதிர்காம விரதம் பிடித்துவிட்டேன். இனி முட்டையும் இல்லை, இறகும் இல்லை.

மாசியில் என் மகள் ராசம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி, பிள்ளை கண் திறக்காமல் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. ஆறு வயதுப் பிள்ளை. பிழைத்தால், முருகா, பெரகலைத் தோட்டத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே வந்து அவள் முடியைக் கொடுக்கிறேன் என்றேன். பிழைத்துவிட்டாள். இனி நான் போகாவிட்டால் என்ன மனிதன்?

லீவு கேட்டேன். துரைக்குத் தெரிந்த தமிழில் பதில் வந்தது.

"சனிக்கிழமை நாலு தொர வருது. பாண் நம்ம அம்மா சுட்ட மாதிரி மினுங்கணும். மினுங்கினா நீ போ. இல்லாட்டி இரி."

மினுங்கினால் லீவு. முட்டை இருந்தால் மினுக்கம். முட்டையைத் தொட்டால் விரதம் போச்சு. விரதம் போனால் லீவு எதற்கு?

ஜூலை 4

பங்களாவில் இறைச்சி, முட்டை எல்லாம் இப்போது என்னோடு வேலை செய்யும் றஹீம் பின்கட்டில் தனி அடுப்பு வைத்துச் சமைக்கிறான். தடவுவதையும் அவனிடமே விடலாமே என்றாள் என் மனைவி கருப்பம்மா. தடவியதை அடுப்பில் வைத்து எடுப்பது நான்தானே? முருகன் என்ன கண்ணை மூடிக்கொண்டா இருக்கிறார்?

பால் தடவினேன். திட்டுத் திட்டாகக் கறுத்தது. சோற்றுக் கஞ்சி தடவினேன். வண்ணான் கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைத்துக்கொண்டது. துரை கத்தியை வைத்துவிட்டுக் கையால் பிய்த்தார்.

ஜூலை 5

தேங்காய் எண்ணெயும் சரிவரவில்லை. துரை பாணை முகர்ந்து பார்த்தார். பிறகு என் தலையை முகர்ந்து பார்த்தார்.

அதே நாள், சாயங்காலம்

லயத்து வீட்டுக்குப் போய் இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். கருப்பம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "சிங்கள ஊருல வாங்குன கித்துள் பாணி இருக்குல்ல, அத எளக்கி, பாண் சூடா வெளிய வந்ததும் தடவிப் பாருங்களேன்."

அந்தக் கித்துள் பனைப்பாகை, கோழி இறகுக்குப் பதில் வாழைநாரைக் கட்டித் தடவினேன். ஐயோ, என்ன மினுக்கம்!

ஜூலை 6, சனி

வந்தவர்களில் ஒரு துரை பாணைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவு மினுக்கம். எல்லாரும் போன பிறகு, லீவு துரை, என்றேன். எங்கள் துரை கடைசித் துண்டை வாயில் வைத்தபடி தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"இந்த மாதிரி பாண் சுடுற ஆளை எப்படி அனுப்புறது? நீ இரி."

விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் அழுதேன். நன்றாகச் செய்ததற்குத் தண்டனையா? இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 7

முட்டையே செலவாகவில்லை, பிறகு எப்படி மினுங்கியது என்று துரை கேட்டார். உள்ளதைச் சொன்னேன். விரதம், அதனால் முட்டை தொடுவதில்லை, இறைச்சி இல்லை, சாராயம் இல்லை, விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியல், பாயில் படுக்கை. ஆகவே கித்துள் பாணி தடவினேன், என்றேன்.

பாய் வரைக்கும்தான் கேட்டார். பாணியை மறுபடி சொன்னேன், போத்தலைக் கொண்டுவந்தும் காட்டினேன். அதெல்லாம் சும்மா சாமான், உண்மையை ஒளிக்காதே என்கிறார். விரதம்தான் மினுங்குகிறதாம். அவருக்கும் விரதம் வேண்டுமாம். அவர் கையிலும் பாண் மினுங்கினால் நான் போகலாமாம்.

எனக்கென்ன? பிடிக்கட்டும்.

ஜூலை 9

துரை பீலியில் விழும் மலைத் தண்ணீரில் குளித்தார். அலறல் கேட்டுச் சிறுத்தை வந்துவிட்டது என்று கங்காணி தப்படிக்கச் சொல்லிவிட்டார். பெரட்டுக்கு, ஆள்கணக்குக் கொடுக்க வந்த சனம் பாதி திரும்பி ஓடிவிட்டது.

ஜூலை 11

விஸ்கிப் போத்தல்களைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். கட்டிலுக்குக் கீழே பாயில் படுக்கிறார். நேற்று றஹீம் தெரியாமல் ஆட்டிறைச்சிக் கறியை மேசையில் வைத்துவிட, துரை நாற்காலியோடு பின்வாங்கினார். இரண்டு நாள் விரதத்துக்கு இவ்வளவு மிரட்சி எனக்குக் கூட வந்ததில்லை. கறி கங்காணி வீட்டுக்குப் போனது.

ஜூலை 14, ஞாயிறு

துரை தன் கையால் மாவு பிசைந்தார், சுட்டார், பாணி தடவினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மனசுக்குள் முருகா முருகா என்று ஒரே சத்தம்.

மினுங்கியது. மினுங்காமல் என்ன செய்யும், பாணி அல்லவா?

துரையின் கண் கலங்கிவிட்டது. "நீ போ," என்றார். "பாண் நான் பாக்குறேன்."

ஜூலை 26, கதிர்காமம்

முடி கொடுத்தாயிற்று. ராசம்மா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, குளிருதுப்பா என்றாள். மாணிக்க கங்கைக் கரையில் நின்று அழுதேன். இந்த அழுகை வேறு.

ஆகஸ்ட் 5

வந்து சேர்ந்தோம். விரதம் முடிந்தது. கருப்பம்மா இன்று காலை முட்டை பொரித்துத் தந்தாள். அமிர்தம். சாப்பிட்டுவிட்டு, மொட்டைத் தலை ராசம்மாவையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன்.

குசினி அடுப்படியில் துரை. வெறுங்கால், ஈரத்தலை, கையில் என் வாழைநார்.

வாசற்படியில் கால் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

"நீ முட்டை தின்னியா?"

"ஆமாங்க தொர. வெரதந்தான் முடிஞ்சிருச்சே."

"அப்ப வெளிய நில்லு."

நின்றேன். பத்து வருசமாக நான் வேலை செய்த குசினி. பின்கட்டில் றஹீம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சன்னல் வழியாக ஒரு துண்டை வாழையிலையில் வைத்து, என் விரல் படாமல், மேலிருந்து போட்டார். ராசம்மாவுக்குப் பாதி கொடுத்துவிட்டு நானும் தின்றேன்.

பாணி கொஞ்சம் கூடிவிட்டது.