நன்றியுரையில் ஒரு மரணம்

அன்புள்ள உங்களுக்கு,

ஆய்வு நேர்மை பற்றிய உங்கள் கொழும்பு உரை சிறப்பாக நடந்திருக்கும். எங்கள் ஆய்விதழுக்கு நீங்கள் அனுப்பிய கட்டுரையை வாசித்தேன். உங்கள் மாணவி சுவர்ணாவின் ஆய்வேடுதான் அது. அவள் பெயர் மட்டும் இல்லை. அவசரத்தில் அவளுடைய நன்றியுரையையும் அப்படியே சேர்த்திருக்கிறீர்கள்: "மயிலிட்டிக் கடலில் மூழ்கி இறந்த என் அப்பாவுக்கு."

நீர்வேலி வாழைத்தோட்டத்தை விட்டு நகராத உங்கள் அப்பா அப்போது கூப்பிட்டார்.

"பிள்ளை, தேத்தண்ணி வைச்சிட்டியே? அவன் எப்ப வாறானாம்?"

"நாளைக்கு வாறாராம், மாமா."

கட்டுரையை விசாரணைக் குழுவுக்கு அனுப்பி, சுவர்ணாவுக்கும் அறிவித்துவிட்டேன். உங்கள் பதவி அநேகமாகப் போய்விடும். மாமாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதை நீங்களே வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இதழாசிரியர், இன்றுவரை உங்கள் மனைவி