என்னைக் கேட்காமல் அறுத்த முதுகு

லூனாஸ் ரப்பர் தோட்டம்,
ஐப்பசி, 1954

அன்பு மகன் குழந்தைவேலுவுக்கு அப்பா பழனியாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நான் புத்தியும் கையும் நன்றாக இருக்க, மற்றது கிடந்தபடி கிடக்க, உயிரோடு இருக்கிறேன். அங்கே நாகப்பட்டினத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல், பழைய இருமல் திரும்பாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். என் போன கடிதத்தில் பாதிக்கு மேல் மை பூசி வந்தது என்று எழுதியிருந்தாய். இதையும் சர்க்கார் ஆட்கள் பிரித்துப் படிப்பார்கள், படிக்கட்டும், என் முதுகைத் தவிர இதில் ரகசியம் ஒன்றுமில்லை. யூனியன்காரன் என்று உன்னைக் கப்பலேற்றி அனுப்பியவர்களும் உன் அப்பன் படும் பாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

டாக்டர் மேல் போட்ட கேஸ் முடிந்துவிட்டதப்பா, தோற்றுப்போனோம். உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். தோளில் காண்டாக் கம்பில் தொங்கிய ரப்பர் பால் வாளிகளோடு பலகைப் பாலத்தில் வழுக்கி விழுந்தேன், இடுப்பு வலி நிற்கவே இல்லை. நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் பரஞ்சோதி என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நான் என் காலால் நடந்தே உள்ளே போனேன், அதை மறந்துவிடாதே. வெள்ளைக்கார டாக்டர் இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். தமிழில் சொல்வான் என்று நான் பரஞ்சோதி முகத்தைப் பார்த்தேன். அவனோ என் முகத்தைப் பார்க்காமல் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டே, "சின்ன ஆப்பரேசன்தாண்ணே, பயப்படாதீங்க, தீவாளிக்குள்ள மறுபடி பால்மரம் வெட்டப் போயிடலாம்" என்றான். நானும் அவர்கள் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்வதற்குள் விரலைப் பிடித்து மையில் அழுத்திவிட்டார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ கிடந்தன.

வக்கீல் வைத்துக் கொடுத்தது ஷம்சுதீன் பாய்தான், அதுதான் நம் சாப்பாட்டுக் கடைக்காரர். அலோர்ஸ்டார் கோர்ட்டுக்குத் தன் காரிலேயே கொண்டுபோனார். இப்போது நம் லயத்து வீடுகளைச் சுற்றி முழுக்கக் கம்பிவேலி, காட்டிலிருக்கும் கலகக்காரர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. வாசலில் காவல்காரன் என்னைப் புரட்டி முதுகுக்கு அடியில் அரிசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். அந்த முதுகில் இனி என்ன ஒளித்து வைக்க முடியும் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாய் சிரிக்கவில்லை, தலைப்பாகைத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

நான் ஜெயிக்க ஆசைப்பட்டது ஒரே காரியத்துக்குத்தான். என்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று அந்தச் சபையில் யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டர் கூண்டில் ஏறி, கால் இரண்டும் விளங்காமல் போகலாம் என்று அன்றைக்கே தெளிவாகச் சொன்னேன் என்றார். பிறகு பரஞ்சோதியை ஏற்றினார்கள். பொய் சொல்லியிருந்தால் எனக்கு நல்லது, டாக்டர் ஒன்றுமே சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை போதும். அவன் அழுதுகொண்டே, "சொன்னாருங்க ஐயா, எல்லாம் சொன்னாரு. கத்தி வைக்கப் போற நேரத்துல கெட்ட வார்த்தய எப்படிங்க ஐயா காதுல போடுறது, நம்ம ஜனங்க அப்படிச் சொல்ல மாட்டோம்" என்றான். அதோடு கேஸ் படுத்துவிட்டது. டாக்டர் தன் கடமையைச் செய்துவிட்டார், இரண்டு தமிழர்களுக்குள் நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. நடுவில் ஜட்ஜ் என்னிடம் ஒன்று கேட்டார், சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாயா என்று. நான், "தெரியலீங்க ஐயா. ஒரு ராத்திரி யோசிச்சிருப்பேன். அந்த ராத்திரியத்தான் எனக்குக் குடுக்காம விட்டுட்டாங்க" என்றேன். அதை எழுதிக்கொண்டார்களோ என்னவோ.

எனக்குப் பரஞ்சோதி மேல் கோபம் இருந்தது, இப்போது இல்லை. தினமும் சாயந்திரம் வந்து படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்து, பேப்பர் படித்துக் காட்டிவிட்டுப் போவான். கோர்ட்டுக்குப் பிறகு வருவதில்லை, மருந்துக்கு வேறு ஆளை அனுப்புகிறான். வரச்சொல்லி ராக்காயியிடம் சொல்லியனுப்பினேன், வேலை இருக்கிறது என்றானாம். காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால் மத்தியானம் வரைக்கும் லயத்தில் என் மூச்சுச் சத்தம்தான். பக்கத்து வீட்டு ராக்காயி கஞ்சி வைத்துவிட்டுப் போகிறாள், நல்ல பெண், ஆனால் பேச அவளுக்கு நேரம் ஏது. உன் அம்மா இருந்தால் சண்டையாவது போட்டுக்கொண்டிருப்போம். தனியாகப் படுத்துக் கிடப்பது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறதப்பா.

இனி உன் விஷயம். வருகிற தையில் வந்துவிடுகிறேன் என்று வருஷா வருஷம் எழுதுகிறாய். ஷம்சுதீன் பாய் நாகூர் கந்தூரிக்குப் போனவர் உன்னையும் பார்த்துவிட்டு வந்தார். என் மகன் எப்போது வருவான் என்று கேட்டேன். "புள்ள நல்லா இருக்கான்ணே, வந்துடுவான்" என்று காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போர்வையைச் சரிசெய்த பரஞ்சோதி முகம் எனக்கு ஞாபகம் வந்தது. சர்க்கார் உன்னை இனி உள்ளே விடாதா, அல்லது அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக் குடும்பமாகிவிட்டாயா, எதுவானாலும் எனக்குச் சம்மதம். அப்பா மனசு தாங்காது என்று நீயாக முடிவு செய்யாதே. வரமாட்டாய் என்றால் வரமாட்டேன் என்றே எழுது. நான் ஒரு ராத்திரி அழுதுவிட்டு மறுநாள் கஞ்சி குடிப்பேன். அந்த ராத்திரியை இந்தத் தடவையாவது எனக்குக் கொடுத்துவிடு.

கடல் காற்றில் சட்டையில்லாமல் படுக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல் முருகன் காப்பான். பதிலை மையில் எழுது, பென்சில் எழுத்து வழியில் அழிந்துபோகிறது.

இப்படிக்கு,
உன் வாயால் கேட்கக் காத்திருக்கும் அப்பா,
பழனியாண்டி
(என் கையெழுத்து)