கண்டாக்கய்யாவின் அப்ரெய்டு

இன்று காலை தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டில், எங்களை மேற்பார்க்க வந்த புதுக் கண்டாக்கு தன் கோட்டை உதறினார். பூச்சி உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. கண்டாக்கய்யா, உங்க கோட்டிலும் இதே வாசம்தான்; நீங்கதான் செத்து எழும்பி வந்துட்டீங்களோ என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்தது. எழும்பி வந்தாலும் ஏசத்தானே வருவீங்க.

மற்ற கண்டாக்குமார் தமிழில் ஏசினார்கள், கோபம் முற்றினால் சிங்களத்தில். உங்களுக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். "ஒன்ன அப்ரெய்டு பண்றேன்!" என்று இங்கிலீசில் விடுவீங்க. ஏதோ செய்வினை வைக்கிறீங்க என்று லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைங்க நடுங்கினார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "பண்றத பண்ணுங்க ஐயா, என்னான்னு சொல்லிட்டுப் பண்ணுங்க" என்றேன்.

நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீங்க: "சும்மா ஏசுறது இல்ல புள்ள. செஞ்ச குத்தத்த மூஞ்சிக்கு நேரா சொல்லிக் கண்டிக்கிறது. குத்தம் இல்லாட்டி அந்தச் சொல்லப் பாவிக்கக் கூடாது."

நல்லாத்தான் சொன்னீங்க. அடுத்த வாரமே மறந்தீங்க.

"நாளைக்குப் பத்தாம் நம்பர் மல" என்று சாயந்தரம் கொழுந்து பறிக்கிற இடத்தைச் சொன்னது நீங்க. காலையில் எட்டாம் நம்பரில் போய் நின்றதும் நீங்க. இடம் மாறியதை மேல் லயத்துச் செல்விக்கு யாரும் சொல்லவில்லை. பத்தாம் நம்பரிலிருந்து மூச்சிரைக்க, நேரம் பிந்தி ஓடி வந்தாள். புருசன் கால் ஒடிந்து படுத்திருந்த நேரம். அவளுக்கு விழும் பேரில், அந்த நாள் சம்பளத்தில்தான் அந்த வீடே நின்றது.

"அப்ரெய்டு! இன்னைக்கு ஒனக்குப் பேர் இல்ல, வீட்டுக்குப் போ!"

"குத்தம் எதுங்க ஐயா?" என்றேன். "மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. பத்தாம் நம்பர்னு சொன்னது யாரு வாய்ங்க?"

பொம்பளைங்க கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். "சொல்லுங்க, சொல்லுங்க" என்று ஒரே சத்தம். நீங்க பேர் போடுகிற புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் புரட்டினீங்க. தோட்டத்துப் பெரிய தொரையின் வண்டிச் சத்தம் கேட்டதும்தான் அவள் பேரைப் போட்டீங்க. அதையும் பிச்சை போடுகிற மாதிரி.

உங்க செத்த வீட்டில் எல்லாரும் "கண்டிப்பான மனுசன்" என்றார்கள். நான் பிஸ்கட்டை வாயில் அடைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் சிரித்திருப்பேன்.

உங்களிடமிருந்து என்னோடு ஒட்டியது அந்த ஒரு சொல்தான். மருமகளை ஏச வாய் திறந்தால் முதலில் குத்தத்தைத் தேடுகிறேன். பாதி நாள் கிடைப்பதில்லை, வாயை மூடிக்கொள்கிறேன். உங்க விசயத்தில் தேடுகிற சிரமமே இல்லை. நேரா சொல்ல மூஞ்சிதான் இல்லாமல் போச்சு. பரவாயில்லைங்க ஐயா, குத்தம் இருக்கே. உங்களை அப்ரெய்டு பண்றேன்.