அம்மா கொடுத்த மூன்று புள்ளி

விளையாட்டில் தோற்றால் மௌஸைத் திட்டுகிற என் அம்மாவுக்கு,

அந்தப் போர் விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. கொள்ளுப்பிட்டிக் கடையில் சீடியை வாங்கிக்கொண்டு காலையில்தான் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தேன். ஞாயிறு பத்திரிகைக்கு விமர்சனம் கொடுக்க வேண்டும். பத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை புள்ளி என்று ஆசிரியர் போன் எடுத்துக்கொண்டே இருக்கிறார். எனக்கோ அதற்கு முன் உங்களோடு கதைக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் இருந்தபோதே கதைத்திருக்க வேண்டியது, அம்மா. வாய் வரவில்லை.

இதைப் பிறரும் வாசிப்பார்கள் என்பதால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையின் கணினிப் பக்கத்தில் என் பெயரில் வந்த விளையாட்டு விமர்சனங்களில் பாதி உங்களுடையவை. ‘எங்கள் பரிசோதனைக் குழு’ என்று நான் பெரிதாக எழுதியதெல்லாம் நீங்கள் ஒரே ஆள்தான். ஷிப்பிங் கொம்பனியில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வுபெற்ற, முழங்கால் வருத்தக்கார அம்மா ஒருத்தி வீட்டுச் சட்டையோடு இருந்து விளையாடிப் பார்க்கிறா என்று பத்திரிகைக் கந்தோரில் சொல்ல எனக்கு வெட்கம். இப்போது அந்த வெட்கத்தை நினைக்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

கணினி அண்ணாவுடையது. கிருலப்பனையில் ஒரு நண்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன அண்ணா வரவேயில்லை. வழியில் அவரை யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார், பிறகு தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அண்ணாவின் படத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஏறி வரிசையில் நிற்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. “ஒருநாளைக்கெண்டாலும் கூட வாவன் ராசா” என்று கேட்டீர்கள். எழுத்து வேலை இருக்கிறது என்றேன். வேலை இல்லை அம்மா, பயம். அந்த வரிசையில் என் முகத்தையும் யாராவது பார்த்து வைத்துக்கொண்டால் என்ற பயம். உங்களுக்கு அது தெரிந்திருக்குமா?

ஒருநாள் அப்படியொரு கந்தோருக்குப் போய்வந்த கையோடு அந்தக் கணினியை மூடியிருந்த துணியை எடுத்தீர்கள்.

“சும்மா கிடந்தா பழுதாப் போயிடும். அவன் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? எப்பிடிப் போடுறதெண்டு காட்டு.”

காட்டினேன். தினமும் போட்டீர்கள். போட்டுவிட்டுச் சும்மா இருக்க ஏலாமல் விளையாடத் தொடங்கினீர்கள். அப்படியே என் குழுவும் ஆனீர்கள்.

நீங்கள் புள்ளி போடுவதே ஒரு கூத்து. நடுவில் நிறுத்த முடியாத விளையாட்டுக்கு உடனே இரண்டு குறையும். “அடுப்பில பால் பொங்கினா இவையோ வந்து இறக்குவினம்?” கார் ஓட்டப் பந்தயத்தில் சிவப்பு விளக்குக்கு நின்று கடைசியாக வந்துவிட்டு, மற்றவர்களுக்கெல்லாம் லைசன்ஸ் கொடுத்தவனைத் திட்டினீர்கள். மாடு வளர்க்கிற விளையாட்டுக்கு எட்டு. சிரித்துச் சிரித்து எழுதினேன், நன்றாகவும் வந்தது. வாசகர்கள் கடிதம் போட்டார்கள். உங்கள் பகிடிக்கு வந்த பாராட்டையும் நான்தான் வாங்கிக்கொண்டேன்.

பிறகுதான் அந்தப் போர் விளையாட்டு வந்தது.

வாசிப்பவர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். அதில் நம்மோடு ஒரு தோழன் ஓடிவருவான். முதல் சண்டையிலேயே சூடுபட்டு விழுந்துவிடுவான். நாம் வேறு பக்கம் பார்த்ததும் விழுந்த உடலை விளையாட்டு அழித்துவிடும், கணினிக்குப் பாரம் குறைய வேண்டுமல்லவா. பல விளையாட்டுகளில் இது உள்ளதுதான். புள்ளி போடுகிற எங்களில் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை.

நீங்கள் அவன் பக்கத்தில் நின்றுவிட்டீர்கள்.

“அம்மா, ஓடுங்கோ! பின்னால வாறாங்கள்!”

“நிக்கிறன்.”

“என்னத்துக்கு?”

“நான் அங்கால பாத்தா இவன் காணாமப் போறானடா. பாத்துக்கொண்டு நிண்டா கிடக்கிறான்.”

பின்னால் வந்தவர்கள் உங்களைச் சுட்டார்கள். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினீர்கள். அதே இடம், அதே பையன். திரும்பவும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள், திரும்பவும் சுட்டார்கள். நான் எத்தனை தடவை பொறுப்பேன்? விமர்சனத்தை மறுநாள் கொடுக்க வேண்டும்.

“விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா! அது வெறும் படம்!” என்று கத்திவிட்டு உங்கள் கையிலிருந்து மௌஸைப் பறித்தேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. கதிரையிலிருந்து எழும்ப முழங்கால் விடவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினீர்கள். “மூண்டு போடு. படத்துக்கும் சத்தத்துக்குமா மூண்டு. மற்றதெல்லாத்துக்கும் முட்டை. ஏனெண்டும் எழுது. அங்கால பாத்தா ஆள் இல்லையெண்டு எழுது. ஒரு வரி போதும்.”

நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லையா? அந்த வீட்டில் இருந்துகொண்டு எப்படி விளங்காமல் போகும்? விளங்கியது. விளையாட்டைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள் என்று நடித்தேன்.

என் இன்னொரு பழக்கமும் உங்களுக்குத் தெரியாது. புள்ளி போடுவதற்கு முன் நெட் கபேக்குப் போய், வெளிநாட்டு விமர்சகர்கள் எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு அதற்குக் கிட்டத்தட்ட நானும் போடுவேன். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்க்கிற வேலைதான். அன்றைக்கும் போனேன். எல்லாரும் ஒன்பது. நான் ஒருவன் மட்டும் மூன்று போட்டால், தமிழ்ப் பத்திரிகைக்காரனுக்கு விளையாட்டு விளங்கவில்லை என்று சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யார் சிரித்திருப்பார்கள், அம்மா? அவர்களில் யார் எங்கள் பக்கத்தை வாசிக்கிறார்கள்?

ஒன்பது போட்டேன். நிஜத்தன்மைக்கு மட்டும் பத்து. ‘போர்க்களத்தையே நம் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்’ என்று மெச்சி எழுதினேன். கதவு தட்டினால் அடையாள அட்டையைத் தேடுகிற வீடுகளுக்கு, பொலிஸ் பதிவுத் துண்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிற வீடுகளுக்கு, இதை ஒரு பாராட்டாக எழுதினேன். உங்கள் ஒரு வரியை வெட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிளேன்ரீயோடு பத்திரிகையை விரித்தீர்கள். நான் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டேன். எவ்வளவு நேரம் நிற்பது? வெளியே வந்தேன்.

“ஒன்பதோ?”

“ஓம் அம்மா. எல்லாரும் அப்பிடித்தான் போட்டிருக்கினம்.”

“எல்லாற்ற வீட்டிலயும் எல்லாரும் இருக்கினம் போல” என்றீர்கள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அரிசி களையப் போனீர்கள். அன்றைக்கு எனக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தீர்கள். திட்டியிருந்தால் தேவலை.

நுகேகொடைக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? கணினி படுத்துவிட்டது, திருத்தக் கொண்டுபோனோம். அண்ணாவின் பொருளை என்னோடு தனியே அனுப்ப மாட்டேன் என்று நீங்களும் திரீவீலில் ஏறினீர்கள். சோதனைச் சாவடியில் ஒரு இளம் சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னான். மேலே அந்தப் போர் விளையாட்டுச் சீடி கிடந்தது. அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு.

“மல்லி, மேக்க ஹொந்தத?” தம்பி, இது நல்லதா என்று கேட்டான்.

“ஹொந்தாய், ஹொந்தாய்” என்று நான் அவசரமாகத் தலையாட்டினேன்.

“ஹொந்த நே, புத்தா” என்றீர்கள் நீங்கள். நல்லாயில்லை, மகனே. ஏன் அம்மா என்று அவன் கேட்டான். நீங்கள் அவனுக்குச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னீர்கள்: இதில் கூட வந்தவன் விழுந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை, அதனால் அவன் இல்லாமலே போய்விடுகிறான். அந்தப் பையன் என்ன நினைத்தானோ. அவனுக்கும் ஒரு தாய் எங்கேயோ இருந்திருப்பா. சீடியைத் துடைத்து உங்கள் கையில் தந்து, போகச் சொன்னான். ஆமிக்காரனுக்கு முன்னால் நீங்கள் சொன்ன உண்மையைச் சொந்த வாசகர்களுக்கு நான் சொல்லவில்லை. வழி முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்காமல் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு உங்களுக்கு நெஞ்சு நோவு வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது. தாய்க்கு இளையவன்தான் கொள்ளி வைப்பது என்பதால், மூத்தவன் எங்கே என்று சுடலையில் யாரும் கேட்கவில்லை. கொள்ளி வைத்ததும் மாமா என் தோளைப் பிடித்துத் திருப்பினார். “பின்னால பாக்காமல் நட தம்பி” என்றார். அது வழக்கம், எனக்கும் தெரியும். ஆனால் என் கால் எழும்பவில்லை. அங்கால பாத்தா காணாமப் போறானடா என்ற உங்கள் குரல்தான் காதுக்குள். மாமா இழுக்க இழுக்க நடந்தேன். வாய்விட்டு அழுதேன். பாசத்தில் அழுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாசம் இல்லாமல் இல்லை, ஆனால் கூடவே வெட்கம், அம்மா.

இன்று இந்த இரண்டாம் பாகத்தைப் போட்டேன். அதே தோழன் மாதிரி ஒருவன் ஓடிவந்தான், விழுந்தான். நான் ஓடவில்லை. நீங்கள் நின்றதுபோல அவன் பக்கத்தில் நின்று அவனையே பார்த்தேன். இந்த முறை தொழில்நுட்பம் முன்னேறிவிட்டதாம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வெறும் தரைதான் மிஞ்சியது. மௌஸை விட்டுவிட்டு உங்கள் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நெட் கபேக்குப் போகவில்லை. ஆசிரியருக்கு விமர்சனமாக இந்தக் கடிதத்தையே கொடுக்கிறேன். போடுவாரோ, பயந்து வெட்டுவாரோ தெரியாது. வெட்டினால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் பாகத்துக்கு நான் போட்ட ஒன்பதை அழித்து, நீங்கள் சொன்ன மூன்றைப் போட்டிருக்கிறேன். இரண்டாம் பாகத்துக்கு முட்டை. காரணம் உங்கள் ஒரு வரி, நீங்கள் சொன்னபடியே. பரிசோதனைக் குழு என்ற இடத்தில் ‘என் அம்மா’.

இது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். கணினியைத் தினமும் போடுகிறேன், அண்ணா வந்து கேட்டால் ஓடும். அவர் படத்தை உங்கள் கைப்பையிலிருந்து எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அந்த வரிசையில் நான் நிற்பேன். பயம் போகவில்லை, பயத்தோடுதான் நிற்பேன். யார் என் முகத்தைப் பார்த்து வைத்தாலும், அண்ணாவின் முகத்திலிருந்து நான் கண்ணை எடுக்க மாட்டேன், அம்மா.

இனி நீங்கள் இருந்து பார்க்க வேண்டாம், நான் பார்க்கிறேன் என்று சொல்லும்,
உங்கள் இளையவன், அண்ணாவின் தம்பி.