முன்சக்கரம் இழுக்காத ஜீப்

4 ஜூன் 1951
இன்று மூன்றாவது ஜீப்பிலும் முன்சக்கரத்தைச் சுழற்றும் முன்தண்டைக் கழற்றினேன். கீரமங்கலம் ஆண்டியப்பன் வாங்கப்போகும் வண்டி, பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. இனி பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். நான்கும் இழுத்தால்தானே அது ஜீப்? யுத்தத்தின்போது இம்பாலில் ராணுவப் பட்டறையில் இரண்டு வருடம் இருந்தவன் நான். முட்டளவு சேற்றில் இந்த வண்டிகள் மலையேறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்டியப்பன் சொல்வதிலும் தப்பில்லை. "முன்னாடி இழுக்குறது எனக்கு வருசத்துல நாலு நாளு வேணும்ணே. பெட்ரோலு தெனம் வேணும்." கழற்றிய சாமான் மதுரையில் விலைபோகும். அந்தத் தொகையைக் குறைத்தால்தான் அவரால் வாங்கவே முடியும்.

21 ஜூன்
திருமயம் பக்கத்து வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கதவு வேண்டும், மெத்தை வேண்டும் என்றார். அவர் மனைவி ஆவுடையாள் ஆச்சி ஏறப் பார்த்தார். சேலை கொக்கியில் மாட்டிக்கொண்டது. "ஏணி ஒண்ணும் சேத்துக் குடுப்பீகளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "காரு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டேன். போய்விட்டார்கள்.

ஏகாம்பரம் மரவேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். இந்தப் புதுக்கோட்டைப் பட்டறையில் அவனும் நானும் கூட்டு. இருக்கை, கூரை எல்லாம் அவன் கை. "ஓட்டுற மனுசனுக்காவா கட்டுறோம், இல்ல ஒங்க இம்பாலுக்காண்ணே?"

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டேன்.

8 ஜூலை
முடிவு செய்துவிட்டேன். ஒரு வண்டியாவது என் மனப்படி. நான்கு சக்கரமும் இழுக்கும். தரையிலிருந்து இன்னும் நான்கு அங்குலம் உயரம். கதவு, மெத்தை எதுவும் கிடையாது.

2 செப்டம்பர்
குடுமியான்மலைக்குப் போகும் வழியில் ஒரு பாறைச் சரிவில் ஏற்றிப் பார்த்தேன். ஏறியது. பக்கத்தில் யாருமில்லை. வண்டியைத் தட்டிக்கொடுத்தேன்.

30 செப்டம்பர்
வாங்க வந்தவர்கள் என் வண்டியைப் பார்த்தார்கள். விலை கேட்டார்கள். போனார்கள்.

22 அக்டோபர்
தஞ்சாவூரில் பஸ் கூடு கட்டும் இடத்தில் ஏகாம்பரத்தைக் கூப்பிடுகிறார்களாம். "தை வரைக்கும் பாக்குறேன்ணே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

17 நவம்பர்
மூன்று நாளாக மழை. ஆலங்குடி பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஆண்டியப்பன் மனைவி செவந்திக்கு நேற்று வலி எடுத்திருக்கிறது. ஜீப்பில் கூட்டி வரும்போது வழியில் சேற்றில் இறங்கி ஒரு மணி நேரம் நின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை.

நான்தான கழட்டுனேன். வேணாம்யா, இருக்கட்டும்யான்னு ஒரு வார்த்தை அழுத்திச் சொன்னேனா? வருசத்துல நாலு நாளுன்னானே — நேத்து அதுல ஒரு நாளு.

போகவேண்டும். சட்டையை மாட்டினேன், கழற்றிவிட்டேன்.

18 நவம்பர்
போனேன். பெண் குழந்தை. தாயும் நலம். ஆஸ்பத்திரி வாசலில் ஆண்டியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

செவந்தியிடம் நானே சொன்னேன். "முன்தண்ட எடுக்காம இருந்திருந்தா வண்டி நின்னுருக்காதும்மா. என் தப்பு."

அந்தப் பெண் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்த வெலைக்கு நாங்க எங்கண்ணே வாங்குறது? மாட்டுவண்டியிலதான் வந்துருப்பேன். வந்து சேர விடிஞ்சு போயிருக்கும். சேத்துல நின்னப்ப நடவுல இருந்த சனம் ஓடியாந்து தூக்கி விட்டுச்சு. அது பெருசில்ல."

"பெறகு எது?"

"படுக்க எடமில்லண்ணே. கீரமங்கலத்துலேர்ந்து இங்கிட்டு வர்ற வரைக்கும் கம்பியப் புடிச்சுக்கிட்டு குந்தியே வந்தேன்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஆறு மாதமாகச் சக்கரத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே ஆள் உட்காரும் என்பது ஏன் தோன்றவில்லை? இம்பாலில் நாங்கள் ஏற்றியது துப்பாக்கிக்காரர்களை. அவர்களில் யாரும் சேலை கட்டவில்லை. யாருக்கும் பிரசவ வலி இல்லை.

25 நவம்பர்
நான் ஆசையாகக் கட்டிய வண்டியை நானே பிரித்தேன். முன்தண்டை எடுக்கும்போது ஏகாம்பரம் பக்கத்தில் வந்து நின்றான். "நெசமாவா?" என்றான். ஸ்பேனரை அவனிடம் நீட்டினேன். தலையாட்டிவிட்டு, "நீங்களே கழட்டுங்க" என்றான்.

முன்தண்டை விற்கும் காசில் பின்பக்கத்தை ஒன்றரை அடி நீட்டுகிறோம். இரண்டு பக்கமும் பெஞ்சு. நடுவில் ஒரு பலகையை இறக்கினால் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். பலகை அவன் யோசனை. சேற்றில் நின்றால் தள்ளுகிறவர்கள் பிடிக்கப் பின்னால் இரண்டு கைப்பிடி. அது என் யோசனை.

19 ஜனவரி 1952
பொங்கலுக்குள் அந்த வண்டி விற்றுப்போனது. அதே மாதிரி இன்னும் இரண்டு கேட்டிருக்கிறார்கள். ஏகாம்பரம் தஞ்சாவூர்ப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

3 மார்ச்
திருமயம் பக்கம் போய் ஆவுடையாள் ஆச்சியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். ஏற்கெனவே கார் வாங்கிவிட்டார்கள். மோர் கொடுத்தார்.

27 மார்ச்
பழைய ஆசை முழுக்கப் போய்விட்டதா? இல்லை. மலை ஏறும் வண்டி கனவில் வருகிறது. வரட்டும்.

11 ஜூன்
கட்டுமாவடியிலிருந்து இருளாயி என்று ஒரு மீன்கார அம்மா. ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு ஜீப் வாங்கப் போகிறார்களாம். விடிவதற்குள் புதுக்கோட்டைச் சந்தைக்கு மீன் வந்து சேர வேண்டும். அங்கே கடற்கரை மணல் சக்கரத்தை விழுங்குமே என்று கேட்டேன்.

"மணல்ல அது ஏன் வரணும்? ரோட்டுல நிக்கட்டும். நாங்க நடந்து வாரோம்" என்றார்.

வேறென்ன வேண்டும் என்று கேட்டேன். யோசித்தார். அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை போல. நாளைக்குக் கூடையோடு வரச் சொன்னேன்.

12 ஜூன்
ஐந்து பேரும் வந்தார்கள். வண்டிப் படி எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்க்கச் செங்கல்லை அடுக்கி ஒவ்வொருவரையும் ஏறி இறங்கச் சொன்னோம். நான் அளந்தேன், ஏகாம்பரம் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினான். மதியம் வரை ஆனது.

தலைக்கூடையை இறக்காமல் இருளாயி ஏறும் உயரம்: பதினோரு அங்குலம்.