பொன்னாடைபோல் கைமாறிய குட்டி

என்னை ஒருநாளும் பெயர் சொல்லி அழைக்காத என் ஞானமுத்துவுக்கு,

நீ போய் ஏழு மாதங்கள் ஆகின்றன. இம்மடலை நான் கண்ணீரோடு எழுதுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்தாய். சினத்தோடு எழுதுகிறேன். சினத்தின் பெரும்பங்கு உன்மீதுதான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் பிள்ளைகளைப் பற்றிய செய்தி.

இருவரும் என் வீட்டில் நலம். நீ இறந்தபின் ஒரு மாதம் சோற்றைச் சரியாகத் தொடாமல் கிடந்த காலர் தேறிவிட்டான். ஓவர்லாக் தேற வேண்டியவளே அல்லள். அவளை அடக்கத்தான் ஆளில்லை. சென்ற வாரம் ஊத்துக்குளியிலிருந்து வந்த வெண்ணெயை ஏனத்தோடு தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். நான் படியேறி முடிக்கும் முன்பே ஏனத்தில் என் முகம் தெரிந்தது. அவ்வளவு தூய்மையாக நக்கியிருந்தாள். தெருவில் ஒரு நெகிழிப் பை பறந்தால் போதும், இருவரும் சுற்றுச்சுவரைத் தாண்டிவிடுகிறார்கள். மணத்தைப் பிடித்துப் போகும் நாய்களென்றால் கொஞ்சமாவது தயங்கும். இவர்களோ கண்ணால் வேட்டையாடும் இனம். கண்ணில் அசைவு பட்ட நொடியில் கால்கள் மண்ணில் இல்லை.

பெயர்களைப் பற்றிய வழக்கு நமக்குள் இன்னும் தீரவில்லை. கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் என்பதால் அவனுக்குக் காலர் என்று வைத்தாய். நேராக ஓடாமல் வளைந்து நெளிந்து ஓடுகிறாள் என்று இவளுக்குத் தையல் பொறியின் பெயரை வைத்தாய். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? நான் வேங்கை என்றும் வல்லி என்றும் மாற்றிப் பார்த்தேன். ஒருவரும் காதை அசைக்கவில்லை. தமிழில் பெயர் வையுங்கள் என்று ஊர் ஊராக முழங்கியவன், இப்போது விடிந்ததும் வேலம்பாளையத்துத் தெருவில் நின்று “ஓவர்லாக், ஓவர்லாக்” என்று கத்துகிறேன். நேற்று அவ்வழியே போன வடநாட்டு இளைஞர் ஒருவர் மிதிவண்டியை நிறுத்தி, “அண்ணா, நான் ஓவர்லாக் டைலர். ஆள் வேணுமா?” என்று கேட்டார். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

ஊராரின் கேள்விகளுக்கு விடை சொல்லிச் சொல்லி என் தொண்டை புண்ணாகிவிட்டது. இந்த நாய்களின் விலா எலும்பு வெளியே தெரியும், இயல்பே அதுதான். ஆனால் பட்டினி போடுகிறேனா என்று என்னைக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர், நாட்டு நாய் வளர்ப்பது நம் பெருமை என்று குட்டி வாங்கியவர்கள். மூன்று மாதம் படம் எடுத்துப் போட்டார்கள். குட்டி ஓடத் தொடங்கியதும் சங்கிலி போட்டார்கள். சங்கிலியையும் கடித்ததும் வண்டியில் ஏற்றிப் புறவழிச் சாலையில் இறக்கிவிட்டார்கள். ஓடப் பிறந்த உயிரைக் கட்டிப்போட்டுவிட்டு, அது குறும்பு செய்கிறது என்று குறை சொல்ல இவர்களுக்கு நாக்கு எப்படி வருகிறது?

நீ ஒருவன்தான் அப்படி இறக்கிவிடப்பட்டவற்றைத் தூக்கி வந்தாய். மெல்லிய தோல், மார்கழிக் குளிர் தாங்காது என்று கம்பெனி வெட்டுத்துணியில் நாய்க்குப் பனியன் தைத்தாய். நான் கேலி செய்தேன். அப்போது காலர் வந்து என் பாதத்தில் தலையை வைத்துப் படுத்தான். “அண்ணாச்சிய அவனுக்கு முன்னயே தெரியும்போல” என்றாய். அந்தச் சொல்லை நான் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

சென்ற ஞாயிறு முற்பகல் சென்னியப்பன் வந்தார். உனக்கு அவரைத் தெரியும். சொந்தமாகப் பின்னலாடைக் கம்பெனி வைத்திருக்கிறார். நாட்டு நாய்த் திருவிழாவின் வரவேற்புக் குழுத் தலைவர். இந்த ஆண்டும் நான்தான் சிறப்புரை என்று தாம்பாளத்தில் பழமும் அழைப்பிதழும் வைத்துக் கொண்டுவந்தார். ஓவர்லாக் பாய்ந்ததில் பழங்கள் கூடமெங்கும் உருண்டன. அவர் சிரித்துக்கொண்டே குனிந்து பொறுக்கினார். காலர் மட்டும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவருடைய முகத்தைப் பார்த்தான். வயிறு தரையில் உரச ஊர்ந்து போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். அவன் போன வழியெல்லாம் ஈரம்.

சென்னியப்பன் கட்டிலையே பார்த்தார். “ஏனுங்க, கழுத்துல வெள்ளை வட்டம்... இது நம்ம கம்பெனியில நின்ன நாயாட்ட இருக்குதுங்களே?”

எந்த நாய் என்று கேட்டேன்.

“நீங்க மேடையில குடுத்தீங்களேங்க, அந்தக் குட்டி.”

ஞானமுத்து, நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மேடை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு மணி நேரம் முழங்கினேன். வீட்டுக்கு ஒரு வேட்டைநாய் வேண்டும் என்றேன். கைத்தட்டல் அடங்குமுன் பொன்னாடைக்கு மாற்றாக ஒன்றரை மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றை என் கையில் வைத்தார்கள். என் வழக்கம் உனக்குத் தெரியும். மேடையில் போர்த்தப்படும் பொன்னாடையை அங்கேயே பக்கத்தில் நிற்பவர் தோளில் போர்த்திவிடுவேன். அதைப் பெருந்தன்மை என்று ஊர் சொன்னது, நானும் நம்பினேன். அன்றும் அதையே செய்தேன். குட்டியை ஒருமுறை உயர்த்திக் காட்டினேன். பக்கத்தில் நின்ற சென்னியப்பனிடம் கொடுத்தேன். கைகூப்பினேன். மகிழுந்தில் ஏறினேன். அந்த உயிர் என் கையில் இருந்த நேரத்தில் ஒரு குவளைத் தேநீர்கூடக் குடித்திருக்க முடியாது.

பிறகு நடந்ததை அவரே ஒளிக்காமல் சொன்னார். காற்றழுத்தப் பொறி ஓடும் அறைக்கு வெளியே இரும்புக் குழாயில் கட்டினார்களாம். பொறி உதறும்போதெல்லாம் குட்டியும் உதறுமாம். வளர்ந்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே போய் நூற்கண்டுகளைக் கடித்துக் குதறியதாம். அடுத்த விழாவுக்கு முன்பே ஒருநாள் சரக்கு வண்டியில் ஏற்றி ஊத்துக்குளிச் சாலையில் விட்டுவிட்டார்களாம்.

நான் வெடித்தேன். நீ கேட்டிருக்கிறாயே, ஒலிபெருக்கி இல்லாமலே பத்தாயிரம் பேருக்குக் கேட்கும் என் குரலை. அதை ஒரு கூடத்தில் ஒரு மனிதர்மீது கொட்டினேன். உயிரின் வலி அறியாதவர் என்றேன். வாயற்ற பிள்ளையை வழியில் வீசியவர் என்றேன். அவர் கைகட்டி நின்று முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நான் பண்ணுனது தப்புத்தானுங்க. ஆனா நான் நாய் கேக்கலீங்களே. அத்தன சனத்துக்கு முன்னால நீங்க நீட்டறப்ப வேண்டாம்னு எப்படிங்க சொல்லுவேன்? மூணு வருசம் அதே விழாவுக்கு வந்தீங்க. அது எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?”

நாற்பதாண்டு மேடைக்காரன் நான், குனிந்து கட்டிலுக்கு அடியில் காலரைத் தேடினேன். அவர் அழைப்பிதழைப் பழங்களின் நடுவே வைத்துவிட்டுப் போனார்.

சொந்த ஊரில் மகளோடு இருக்கும் உன் மனைவி ரோசம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். இவன்தான் அந்தக் குட்டி என்று உனக்குத் தெரியுமா எனத் தடுமாறித் தடுமாறி அவளிடம் கேட்டேன்.

“அவுகளுக்குத் தெரியும் அண்ணாச்சி. தூக்கிட்டு வந்த அன்னைக்கே பேப்பர்ல வந்த ஒங்க படத்தையும் நாயோட கழுத்தையும் வச்சு வச்சுப் பாத்தாவ. அண்ணாச்சிட்ட சொல்லிருவோம்னு நான் சொன்னேன். ‘வேண்டாம்ளா, அவரு மேடையில நல்லது பேசுதவரு, அந்த வாய நாம அடச்சுரக் கூடாது’ன்னுட்டாவ.”

இதற்காகத்தான் உன்மீது சினம், ஞானமுத்து. என் வாயைக் காக்க நீ யார்? மாலைதோறும் எதிரெதிரே அமர்ந்து தேநீர் குடித்தோம். நடுவில் அவன் படுத்திருந்தான். என் முகத்தைப் பார்த்து ஒருமுறையாவது “அண்ணாச்சி, இது நீர் கைவிட்டது” என்று சொல்லியிருக்கக் கூடாதா? கூசியிருப்பேன். உன்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அடுத்த மூன்று விழாக்களில் அதே முழக்கத்தை முழங்கியிருக்க மாட்டேனே. அம்முழக்கங்களைக் கேட்டு எத்தனை குட்டிகள் எத்தனை குழாய்களில் கட்டப்பட்டனவோ? சொல், அந்தக் கணக்கு யார் தலையில்?

நீ நான்கே சொற்களில் முடிக்க வேண்டியதைப் பனியனாகத் தைத்துக்கொண்டிருந்தாய். நான் மாடத்தில் அடுக்கி வைத்த மிச்சப் பொன்னாடைகளை ஓவர்லாக் கிழித்துப் படுக்கையாக்கிக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடித்துத் துரத்தக் கை ஓங்கியவன், ஓங்கிய கையோடு நின்றுவிட்டேன். அவையெல்லாம் முதன்முறையாக ஓர் உயிருக்குக் கதகதப்பாகியிருந்தன.

நேற்றுச் சென்னியப்பனை அழைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய், ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க என்றார். இந்த ஆண்டு மேடைக்கென இரண்டு குட்டிகளை முன்பே சொல்லிவைத்திருக்கிறார்களாம். மேடையில் குட்டி இருந்தால் நான் இருக்க மாட்டேன் என்றேன். தாயிடமே பால் குடிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். அவை எங்கே இருக்கின்றன என்று முகவரியைக் கேட்டேன். நாளை நானே போய்ப் பார்க்கப் போகிறேன்.

விழாவுக்குப் போவேன். காலரை அழைத்துப் போக மாட்டேன். கூட்டத்துக்கு அவனை ஒருமுறை தூக்கிக் காட்டியது போதும். அன்று அவன் நீ தைத்த பனியனைப் போட்டுக்கொண்டு வீட்டில் உறங்கட்டும். நான் தனியாக ஏறி, பெருமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், நான் கைமாற்றிய குட்டியின் கதையைச் சொல்வேன். குட்டி வாங்க வந்தவர்களை, சாலையில் விடப்பட்டவற்றில் ஒன்றைத் தூக்கிப் போகச் சொல்வேன். கைத்தட்டல் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

உனக்கு என் உறுதிமொழி இது. என் கையில் வைக்கப்படும் உயிர் இனி இன்னொரு கைக்கு மாறாது. யாரிடம் எந்தக் குட்டி போனாலும், எப்படி இருக்கிறது என்று வாசலில் போய் நின்று கேட்பேன். அவர்கள் எரிச்சல் அடையும்வரை கேட்பேன். எழுதி முடிக்கும் இந்நேரம் அவன் வந்து என் பாதத்தில் தலையை வைத்துவிட்டான். என்னை யாரென்று தெரிந்தே வைத்திருக்கிறான். காலை நகர்த்தாமல் அமர்ந்திருக்கிறேன்.

உன் பிள்ளைகளின் பெரியப்பன்,
உனக்கு என்றும் அண்ணாச்சி.