புது உறுப்பினர் முதலில் பேச வேண்டும்

கல்பாக்கம்
2.6.2025

அன்புள்ள ஹெலனுக்கு,

கல்யாணி எழுதுவது. நீ, சாலமோன் அண்ணன், அம்மா எல்லாரும் சுகம்தானே? போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு, "வாட்ஸ்அப்பில் வந்தால் படிக்க மாட்டேன்" என்று அடம் பிடிக்கிற ஒரே சிநேகிதி நீதான். உனக்காகவே கவர் வாங்கி வைத்திருக்கிறேன்.

நல்ல சேதி. எங்கள் 'அலைத்திரை' திரைப்படக் கழகத்தில் உன்னைச் சேர்த்தாயிற்று. மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம், சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மண்டபத்து மாடியில் கூடுவோம். பழைய படங்கள், சின்னச் செலவில் தனியாளாக எடுத்த படங்கள், இவைதான் போடுவோம். செங்கல்பட்டு ஹாஸ்டலில் பழைய படம் போட்டால் நாம் இரண்டு பேரும் சாப்பாட்டை மறந்து டிவி முன்னால் கிடப்போமே, அதே கதைதான்.

ஒரு வழக்கம் உண்டு. அழைத்து வருகிறவர் நாலு வரி அறிமுகம் எழுதித் தர வேண்டும். படம் முடிந்ததும் புது உறுப்பினர்தான் முதலில் பேச வேண்டும். அறிமுகத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். பேச உனக்குச் சொல்லியா தர வேண்டும்?

ஆசையோடு,
கல்யாணி


அச்சரப்பாக்கம்
16.6.2025

அன்புள்ள கல்யாணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்திருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்.

நான் சுகமாக இல்லை. சனிக்கிழமை லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, இஸ்திரி போட்ட புடவையோடு வந்தேன். படம் அருமை, அதில் சந்தேகமே இல்லை. கூலிக்கு நடவு நடுகிற ஒரு குடும்பம், பிழைப்புத் தேடிப் போகிற மகன். கடைசிக் காட்சியில் அந்த வீட்டுக் கதவை அந்த இயக்குநர் காட்டிய விதம் இருக்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியம் கோத்து வைத்திருந்தேன். வழக்கப்படி எழுந்தேன். "அந்தக் கதவு" என்று ஆரம்பித்தேன்.

உங்கள் தலைவர் கோதண்டராமன் சார் கையைக் காட்டி நிறுத்தினார். "டெக்னிக்கை நாங்க பேசிக்கிறோம்மா. நீங்க இந்த வாழ்க்கையை வாழ்ந்தவங்க. உங்க வீட்டுக் கதையைச் சொல்லுங்க" என்றார். நீ எழுதிக் கொடுத்த தாளை வாசித்தும் காட்டினார். 'விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, துன்பங்களைத் தாண்டி முன்னேறிய என் தோழி.'

எந்தத் துன்பம் கல்யாணி? என் அப்பா பஸ் கண்டக்டர். அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவள். வயலில் நின்றது என் தாத்தாவோடு முடிந்தது. எனக்கு நாற்று எது, களை எது என்றுகூடத் தெரியாது. என் வீட்டு மாடியில் நீயே ஒரு வாரம் தங்கி, கறிக்குழம்பு சாப்பிட்டுக் குண்டாகித் திரும்பினாய்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். அந்தக் கையை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் என் வீட்டுக்காரர் சாலமோன், "இன்னா ஹெலனு, சினிமா பாக்கப் போனியா, சாட்சி சொல்லப் போனியா?" என்கிறார். அம்மாதான் என்னைவிடக் கொதித்தாள். "நடவா? உங்கப்பன் டிக்கெட்டு கிழிச்சிகினு இருந்தாருன்னு சொல்றதுக்கு இன்னா?"

பதினெட்டு வருஷ சிநேகிதத்தில் என்னைப் பற்றி எழுத உனக்குக் கிடைத்தது இதுதானா? எனக்குச் சினிமா பிடிக்கும் என்று ஒரு வரி எழுத முடியவில்லையா?

ஹெலன்


கல்பாக்கம்
21.6.2025

அன்புள்ள ஹெலனுக்கு,

நான் அடிக்கவில்லை, பார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. ஹாஸ்டலில் உன் தாத்தா கதையைச் சொல்வாயே, அதைச் சத்தியமாகப் பெருமையாக நினைத்துத்தான் எழுதினேன். சார் நல்ல மனுஷர், உன்னைத் தாழ்த்த நினைக்கவில்லை. அன்றைக்கு எல்லாரும் உன்னைப் பற்றித்தான் பேசினார்கள். என் வீட்டுக்காரர் பன்னீர்செல்வம்கூட, "உன் ஃபிரெண்டுக்குக் கிடைச்ச மரியாதை எனக்குக்கூடக் கிடைச்சதில்ல" என்றார். உனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். ஜூலைப் படத்துக்குக் கட்டாயம் வா. என் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடிக்கிறேன்.

கல்யாணி


அச்சரப்பாக்கம்
27.6.2025

கல்யாணி,

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சாதே. மரியாதை என்று இன்னொரு தரம் எழுதினால் தபாலைத் திருப்பி அனுப்புவேன். முத்திரை என் கையில்தான் இருக்கிறது.

ஜூலைப் படம் ஓர் இன்ஜினியர் வீட்டுக் கதை என்று உங்கள் நோட்டீசில் போட்டிருக்கிறது. மாமியார், மருமகள், சமையல்கட்டு. உன் வீட்டுக்காரரும் இன்ஜினியர்தான், உனக்கும் மாமியார் உண்டு. படம் முடிந்ததும் நீ எழுந்து, "நான் இந்த வாழ்க்கையை வாழ்ந்தவள்" என்று உன் வீட்டுக் கதையைச் சொல். சொல்லிவிட்டு, அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுது. அப்புறம் நான் வருவதைப் பற்றிப் பேசலாம்.

ஹெலன்


கல்பாக்கம்
14.7.2025

அன்புள்ள ஹெலனுக்கு,

சொன்னேன்.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான். நான் வேலைக்குப் போகக்கூடாதுன்னு என் மாமியார்" என்று தொடங்கினேன். அதற்குமேல் போகவில்லை. கோதண்டராமன் சார் சிரித்துக்கொண்டே, "சொந்தக் கதையெல்லாம் எதுக்கும்மா? படத்தைப் பத்திப் பேசுங்க. கேமரா, எடிட்டிங்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. "போன மாசம் ஹெலன் கேமராவைப் பத்தித்தானே பேச வந்தா? அவளை ஏன் சார் நிறுத்தினீங்க?" என்று கேட்டேன். "அது வேற" என்றார். என்ன வேறு என்று மூன்று தரம் கேட்டேன். ஒருவர் போய் டீ சொன்னார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது என் வீட்டுக்காரர், "நம்ம வீட்டு விஷயத்தைச் சபையில ஏன் பேசுற?" என்றார். "ஹெலன் வீட்டு விஷயத்தை மட்டும் பேசலாமா?" என்றேன். அவர் ஸ்கூட்டரை இன்னும் வேகமாக முறுக்கினார்.

கழகத்தை விட்டு வந்துவிட்டேன். அது பெரிய விஷயமில்லை. அன்று எழுந்து நின்றபோதும், அப்புறம் கடிதத்திலும் நீ கதவு, கதவு என்றாய். நானும் அந்த மாடியில்தான் இருந்தேன். அந்தக் கதவில் என்ன என்று உன்னை நான்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

கேட்கிறேன். சொல்லுடி.

கல்யாணி


அச்சரப்பாக்கம்
18.7.2025

அன்புள்ள கல்யாணிக்கு,

அடிக்கவில்லை. ஆனால் கோபம் முழுசாகப் போகவில்லை, அது போகிறபோது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா. நாமே படம் போடலாம், லேப்டாப் கொண்டுவா. அம்மா கறி எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

கதவு. படம் முழுக்கக் கேமரா அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, கவனித்தாயா? அவர்களோடு சேர்ந்து நாமும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே போகிற மகனையும் உள்ளேயிருந்துதான் பார்க்கிறோம். கடைசியில், ஒரே ஒரு தரம், கேமரா தெருவில் நிற்கிறது. அந்த அம்மா நம் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்துகிறாள். இதற்குமேல் என் வீட்டை நீ பார்க்க வேண்டாம் என்கிறாள்.

இதைச் சொல்லத்தான் அன்று எழுந்தேன்.

உன்
ஹெலன்